உங்கள் ஆதரவுக்கு ஒரு பெரிய கும்பிடு

கிராமத்துச் சங்கம் என்றால் இந்த நாட்டில் பிடிக்காதவர் யாருமில்லை. அமைச்சருக்குப் பிடிக்கும், மேடைக்கு எதிரே ஒரே நிறச் சேலையில் இருநூறு பேர் உட்கார்ந்து கைதட்டினால் யாருக்குத்தான் பிடிக்காது? அதிகாரிக்குப் பிடிக்கும், சம்பளம் இல்லாத வேலைக்கு ஆள் கிடைக்கிறது. வங்கி மேலாளருக்குப் பிடிக்கும். வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டுகிற வாடிக்கையாளர் அவருக்கு வேறு எங்கே கிடைப்பார்? கம்பெனிக்குப் பிடிக்கும், ஆண்டறிக்கையின் அட்டையில் தொழிற்சாலைப் புகைபோக்கியைவிடச் சிரிக்கிற கிராமத்துப் பெண்ணின் முகம் எடுப்பாக இருக்கிறது. சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகருக்கு எல்லாரையும்விட அதிகமாகப் பிடிக்கும். சங்கம் ஏன் வளரவில்லை என்று ஆராய்வதுதான் அவருடைய பிழைப்பு.

இத்தனை பேர் சேர்ந்து ஆதரித்தும் சங்கம் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதுதான் ஆராய வேண்டிய விஷயம். அதற்கு மட்டும் யாரும் நிதி ஒதுக்குவதில்லை.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முளைத்த இடம் தர்மபுரி. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அங்கே தொடங்கிவைத்தது. கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தர்மபுரி. மழை பெய்தால் ராகி, பெய்யாவிட்டால் பெங்களூருக்குக் கட்டட வேலை என்றிருந்த பூமி. பெண்கள் வாரம் சில ரூபாய் போட்டார்கள், தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கினார்கள், வட்டிக்காரனைத் தெருமுனையோடு திருப்பி அனுப்பினார்கள். 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. 1997-98இல் மகளிர் திட்டம் மாநிலத்துக்கே வந்தது. பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள் வங்கிக்குள் நிமிர்ந்து நடந்தார்கள். கொடுத்த கடன் திரும்பி வந்தது.

அது திரும்பி வந்ததுதான் வினையாகப் போயிற்று. இவர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் செய்து முடிப்பார்கள் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இன்று ஒரு குழு ஊக்குநரின் பையைத் திறந்து பாருங்கள். வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, பாஸ்புத்தகக் கட்டு. இது குழுவின் வேலை. இதற்கு மேல் நாட்டின் வேலை இருக்கிறது. டெங்கு விழிப்புணர்வுப் பேரணி, நெகிழி ஒழிப்பு உறுதிமொழி, வாக்காளர் விழிப்புணர்வுக் கோலம், ஊட்டச்சத்துக் கண்காட்சி, வீடு வீடாகக் கணக்கெடுப்பு, அமைச்சர் விழாவுக்கு ஊராட்சிக்கு ஒரு வண்டி ஆள். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் உத்தரவு வரும்: காலை எட்டு மணிக்குச் சீருடைச் சேலையில் இருக்க வேண்டும், பத்து மணிக்குள் ஜி.பி.எஸ். போட்டோ ஏற்ற வேண்டும். சேலை யார் காசில் வாங்கியது? அன்றைக்குப் போன கூலி யார் கணக்கில்? ஆறு பதிவேடு வைத்திருக்கும் குழுவிடம் இதற்கு மட்டும் பதிவேடு கிடையாது. இருந்தால் ஆபத்து, யார் யாரை ஆதரிக்கிறார்கள் என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துபோகும்.

'களப் பார்வை' என்பது எப்படி நடக்கும் என்று அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன கார்கள் ஒரு மணிக்கு வரும். ஆரத்தி எடுக்க வேண்டும், இளநீர் வெட்ட வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும். பயனாளிகளுக்குக் கொடுக்க மூன்று தையல் மிஷின் வந்திருக்கும். கொடுப்பதற்கு ஐந்து கார் வந்திருக்கும். ஃப்ளெக்ஸில் கம்பெனியின் சின்னம் பெரிதாக, சங்கத்தின் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். பிறகு படப்பிடிப்பு.

"அக்கா, கொஞ்சம் இயல்பா இருங்க. வேலை செய்யற மாதிரி நில்லுங்க."

"நெஜமாவே வேலை கெடக்குதுங்க சார். கறக்கற நேரமாச்சு, பால் சொசைட்டி மூடிடுவாங்க."

"அஞ்சே நிமிஷம். அந்த முறத்தக் கையில எடுத்துக்குங்க. முறம் வேணாம், லேப்டாப் இருந்தா நல்லாருக்கும். யாராவது லேப்டாப் குடுங்கப்பா."

பெண்ணின் கையில் கம்பெனிக்காரரின் லேப்டாப் ஏறும். படம் எடுத்ததும் இறங்கும். அடுத்த மாத இதழில், 'டிஜிட்டல் உலகில் மலைமகள்' என்று வரும். மலைமகளின் மாட்டுக்கு மடி கட்டிக்கொண்டது இதழில் வராது.

படம் முடிந்தபின், வெயிலும் கொஞ்சம் தணிந்தபின், சங்கத்தின் தலைவி தயங்கித் தயங்கி வாய் திறப்பார்.

"மிஷின் இருக்குதுங்க சார், பழைய மிஷினே நாலு கெடக்குது. கட்டட வாடகைதான் மூணு மாசமா நிக்குது. கணக்கு எழுதற பொண்ணுக்கும் ஏதாச்சும் சம்பளம் போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"அது அட்மின் காஸ்ட்மா. எங்க பாலிசியில வராது."

"அப்ப கணக்கு யாரு எழுதறதுங்க?"

"கணக்கு கட்டாயம் வேணும். மாசா மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள யு.சி., அதான் பயன்பாட்டுச் சான்றிதழ், வந்துரணும்."

இது ஏதோ ஓர் அதிகாரியின் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டமே இந்தக் குரலில்தான் பேசுகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் வந்தபோது, வாங்கும் பணத்தில் பாதிவரை நிர்வாகச் செலவுக்கு இடம் இருந்தது. 2020 செப்டம்பரில், கொரோனாவில் ஊர் அடங்கிக் கிடக்க, கிராமத்துச் சங்கத்துப் பையன்கள் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்த அதே பருவத்தில், நாடாளுமன்றம் அதை 20 சதவீதமாக வெட்டியது. கைதட்டிப் பாராட்டுவதும் கைகளைக் கட்டுவதும் ஒரே ஆண்டில் நடந்தன. நிர்வாகச் செலவு என்றால் எவை எவை என்று விதியில் பட்டியலே இருக்கிறது. வாடகை, மின்சாரம், தொலைபேசி, பயணம், வண்டிப் பராமரிப்பு, கணக்கு எழுதும் செலவு. கூடவே, அறிக்கை எழுதித் தாக்கல் செய்யும் செலவு. அறிக்கை கேட்பது அரசு, தாமதமானால் தண்டம் போடுவது அரசு, அறிக்கை எழுதச் செலவழித்தால் அதை நிர்வாகச் செலவில் தள்ளிக் கழுத்தை நெரிப்பதும் அதே அரசு.

அதே திருத்தத்தில் இன்னும் இரண்டு வரங்கள் உண்டு. வெளிநாட்டு நன்கொடை எங்கிருந்து வந்தாலும் முதலில் புதுடெல்லி நாடாளுமன்ற வீதியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இறங்க வேண்டும். தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைக்கு வர வேண்டிய பத்தாயிரம் ரூபாய்கூட நாடாளுமன்றத்தைத் தரிசித்துவிட்டுத்தான் அரூர் பஸ் ஏறும். இரண்டாவது வரம், வாங்கிய பணத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது. இதுதான் கிராமத்தின் குடலைப் பிடுங்கிய பிரிவு. ஆங்கில விண்ணப்பம் எழுதத் தெரிந்த பெரிய அமைப்பு நகரத்தில் பணம் வாங்கி, ஊருக்குள் வேலை செய்யத் தெரிந்த சின்னச் சங்கத்துக்குப் பிரித்துக் கொடுப்பது ஒரு வழியாக இருந்தது. அந்த வழி அடைபட்டது. 2022இல் உச்ச நீதிமன்றமும் இந்தத் திருத்தங்கள் செல்லும் என்று சொல்லிவிட்டது. 2010 சட்டம் வந்தபின் இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதிவு ரத்தாகியிருக்கிறது. அவற்றில் அயோக்கியர் எத்தனை, படிவம் நிரப்ப ஆளில்லாத அப்பாவிகள் எத்தனை என்று பிரித்துப் பார்க்க எந்த ஆலோசகரும் இன்னும் கிளம்பவில்லை.

சரி, வெளிநாட்டுக் காசுதான் வேண்டாம், நம் நாட்டுக் கம்பெனிகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவிலேயே ஒரு சொற்றொடர் இருக்கிறது: நிறுவனம் இயங்கும் இடத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் முன்னுரிமை. கேட்க நியாயம்தான். புகையைத் தின்கிறவனுக்குச் சோறு போட வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் புகைபோக்கி இல்லாத ஊர் எங்கே போகும்? ஓசூர்ப் பக்கத்துப் பள்ளிச்சுவருக்கு ஒரு கம்பெனி அடித்த வண்ணம் காய்வதற்குள் இன்னொரு கம்பெனி வாளியோடு நிற்கும். ஒரே பள்ளியில் மூன்று கம்பெனி மூன்று 'ஸ்மார்ட்' வகுப்பறை வைக்கும். தொழிற்சாலை வராத மலையூர் செய்த பாவம், ஆற்றைக் கெடுக்க ஆள் கிடைக்காததுதான்.

அந்தச் சட்டத்தின் விதிகளில் ஒரு நகைச்சுவை ஒளிந்திருக்கிறது. கம்பெனி தன்னுடைய சமூகப் பொறுப்புப் பிரிவை நடத்த ஆகும் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது கம்பெனிக்குப் போட்ட கடிவாளம். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அதைக் கழற்றி இந்தப் பக்கம் கைகட்டி நிற்கும் சங்கத்தின் வாயில் மாட்டிவிடுகிறார்: "ரூல்ஸ் அப்படிம்மா." இன்னொரு விதியும் உண்டு. ஆண்டுக்கு 10 கோடிக்கு மேல் இந்த வகையில் செலவழிக்க வேண்டிய கம்பெனி, ஒரு கோடிக்கு மேற்பட்ட திட்டங்களுக்குத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அந்த மதிப்பீட்டுச் செலவாக மொத்தத்தில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், இதில் எது அதிகமோ அதுவரை எழுதிக்கொள்ளலாம். வேலை செய்த பெண்ணுக்கு மூவாயிரம் சம்பளம் கேட்டால் பாலிசி வாயை மூடிக்கொள்கிறது. அவள் வேலை செய்தாளா என்று பார்க்க வருகிறவருக்கு அரைக் கோடி வரை வாசல் திறந்திருக்கிறது. அவரும் வருவார், கையில் டேப் கணினியோடு. "திட்டத்துக்கு முன்பு உங்கள் தன்னம்பிக்கை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு?" என்று ராகி அறுத்துக்கொண்டிருக்கும் கிழவியைக் கேட்பார். கிழவி அரிவாளோடு நிமிர்ந்து பார்ப்பாள். அதை அவர் 'ஐந்து' என்று பதிவார்.

பயிற்சியும் கொடுப்பார்கள். அதற்கு மட்டும் எந்தப் பாலிசியிலும் தடையில்லை. வறுமை ஒழிப்புத் திறன் மேம்பாட்டுப் பயிலரங்கு ஏற்காட்டு விடுதியில் நடக்கும். முப்பது வருடம் ஊர்ப் பஞ்சாயத்தில் புருஷன்மார்களோடு மல்லுக்கட்டிய பெண்களுக்குத் தலைமைப் பண்பு கற்றுத்தர இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர் வருவார். முதலில் பலூன் ஊதச் சொல்வார். பிறகு செய்தித்தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்டச் சொல்வார். எந்த அணியின் கோபுரம் உயரம் என்று பார்த்து, "இதுதான் டீம் ஒர்க்" என்பார். ஏரிக்கரை உடைந்த ராத்திரி மணல் மூட்டை அடுக்கிய பெண்கள் அவர்கள். தம்பியின் மனம் நோகக் கூடாதே என்று கைதட்டிவிட்டு, சான்றிதழை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள்.

இதைவிடக் கொடுமை கால அளவு. தர்மபுரி மாவட்டத்தின் சிட்லிங்கி பள்ளத்தாக்கில் 1993இல் இரண்டு மருத்துவர்கள் ஒரு குடிசையில் பழங்குடி மக்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே செவிலியர்களாகப் பழக்கினார்கள். பிறந்த குழந்தைகள் சாவது பல மடங்கு குறைந்தது. பிறகு அங்கே இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது; லம்பாடிப் பெண்களின் பழைய தையல் கலை உயிர் பெற்றது. எல்லாம் வந்தது, ஆனால் ஆண்டுக்கணக்கில், பதிற்றாண்டுக் கணக்கில் வந்தது. இன்று அதே குடிசையோடு ஒருவர் நிதி கேட்டுப் போனால் என்ன ஆகும்? "ஏப்ரலில் தொடங்கி மார்ச்சுக்குள் முடியுமா? முதல் காலாண்டில் எத்தனை குழந்தை சாகாமல் இருக்கும்? எக்செல்லில் போட்டுக் கொடுங்கள். மார்ச் 31க்குப் பிறகு நீங்கள் எப்படித் தன்னிறைவு அடைவீர்கள்?" மலைச்சாதிக் குழந்தை நிதியாண்டைப் பார்த்துப் பிறப்பதில்லை, காய்ச்சலும் மார்ச் 31ஆம் தேதி கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புவதில்லை என்று சொன்னால், "உங்களுக்கு ரிசல்ட் ஓரியன்டேஷன் போதாது" என்று பதில் வரும். நூறு ஆண்டாகத் தன்னிறைவு அடையாத அலுவலகம் பன்னிரண்டு மாதத்தில் சங்கத்தைத் தன்னிறைவு அடையச் சொல்கிறது.

மாநில அரசின் அன்பு இன்னும் ஆழமானது. அது பணம் தராது, வேலை தரும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நல்ல திட்டம்தான், மாத்திரை வாங்க முழுநாள் கூலியை விட்டுவிட்டு நின்ற முதியவருக்கு அது வீட்டு வாசலுக்கே வந்தது. வாசல் வாசலாக ஏறி இறங்கி, ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்தவர்கள் மகளிர் குழுக்களிலிருந்து எடுத்த பெண்கள். அரசு அவர்களுக்கு வைத்த பெயர் தன்னார்வலர். தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை. 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது வந்தது. விருது கோட்டைக்குப் போனது. கால் தேய்ந்த செருப்பு அவரவர் வீட்டிலேயே இருக்கிறது. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் இதே கதைதான் நடந்தது: மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க மாதம் 1,000 ரூபாய் தந்தார்கள். நாள் கணக்கில் பிரித்தால் இரண்டு டீ, ஒரு வடை. காலை உணவுத் திட்டத்தில் விடியுமுன் எழுந்து உப்புமா கிண்டுவதும் குழுப் பெண்கள்தான். ஒரு வேலையை அரசு ஊழியர் செய்தால் சம்பளம், விடுப்பு, ஓய்வுக்காலப் பாதுகாப்பு எல்லாம் தர வேண்டும். அதே வேலையைச் 'சமூகம்' செய்தால் ஒரு நன்றிக் கடிதம் போதும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறார்கள்; சுண்டல் வாங்கும்போது மட்டும் வரிசையில் முதலில் நிற்கிறார்கள்.

இந்தக் கலையை நம்மவர்கள் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏரி பராமரிப்புக்கென்று ஊரில் ஒதுக்கி வைத்திருந்த மானிய நிலங்களையும் விளைச்சல் பங்கையும் கிழக்கிந்தியக் கம்பெனி மெல்ல மெல்ல வருவாய்க் கணக்கில் இழுத்துக்கொண்டது. பிறகு, 'ஏன் யாரும் ஏரிக்கு வருவதில்லை?' என்று வியந்தது. வியந்ததோடு நிற்காமல் 1858இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஊர் வழக்கப்படி குடிமராமத்துக்கு, அதாவது ஊரே கூடி ஏரியைச் செப்பனிடும் வேலைக்கு, வரவேண்டியவர் வராவிட்டால், அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு கட்ட வேண்டும். ஊரின் பணத்தை எடுத்துக்கொண்டு, ஊரின் கடமையை மட்டும் ஊரிடமே சட்டம் போட்டு விட்டுவைத்தது வெள்ளைக்காரன் மூளை. 2017இல் குடிமராமத்து என்ற பெயரைத் தூசு தட்டி எடுத்தபோது, பாசன விவசாயிகள் சங்கம் 10 சதவீதம் பங்களிக்க வேண்டும் என்றார்கள். விவசாயிகள் சங்கம் என்ற பலகைக்குப் பின்னால் ஒப்பந்தக்காரரின் பொக்லைன் நின்றதாகப் பல ஊர்களில் புகார் எழுந்தது. அதற்கு மாறாக, 2018 கஜா புயலில் தென்னை சாய்ந்த தஞ்சைக் கடைமடையில் இளைஞர்கள் தாங்களே சங்கம் கூடி, ஊர் ஊராகக் காசு திரட்டி, பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். அதற்குப் பிறகுதான் பாராட்ட வந்தவர்களின் கார் வந்தது. தூர்வாரும்போது வரவில்லை, டீசல் விலை அதிகம் போலிருக்கிறது.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெண்கள் கூடினால் ஆதரவு என்று வருவது பெரும்பாலும் கடன்தான். குழுவாகக் கூடிப் பொறுப்பேற்கும் அந்தப் பழக்கத்தைத் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் உட்கார வேண்டும். வட்டிக்காரனைத் தெருமுனையோடு திருப்பிய பெண்களின் ஒற்றுமையையே வட்டி வசூலிக்கும் ஏஜென்டாக மாற்றியது எவ்வளவு பெரிய மூளை! தற்கொலைகள் நடந்து, வசூல்காரர்களின் அட்டூழியத்தைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை தாலி அடகுக்கடைக்குப் போனது என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.

சங்கங்கள் எல்லாம் புனிதர்களின் சபை என்று நான் சொல்லவில்லை. மனைவி பொருளாளர், மைத்துனர் செயலாளர், வாசலில் பலகை, மேசையில் லெட்டர்பேட், உள்ளே பூட்டு என்று நடக்கும் அறக்கட்டளைகள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் உண்டு. 'ஊர்ப் பொது' என்ற பெயரில் கூடும் கூட்டத்தில் காலனிக்காரர் எங்கே உட்கார்கிறார் என்று பார்த்தால் கிராமத்தின் ஒற்றுமை பல்லிளிக்கும். ஆனால் கவனியுங்கள்: விதிமுறைகளின் வலையில் இந்த லெட்டர்பேட் பேர்வழிகள் சிக்குவதே இல்லை. அவர்களிடம் ஆடிட்டர் இருக்கிறார், ஆங்கிலம் இருக்கிறது, ஜி.பி.எஸ். போட்டோ எடுக்கும் பையன் இருக்கிறான். நிர்வாகிகள் மாறியதற்கு உரிய காலத்தில் பதிவாளரிடம் படிவம் கொடுக்காமல் மாட்டுபவர், நன்கொடையாளர் பட்டியலைத் தாமதமாகக் கொடுத்து நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் அழுபவர், மலைமேல் சிக்னல் இல்லாமல் ஓடிபிக்காகப் பாறையில் ஏறி நிற்பவர், இவர்கள்தான் மாட்டுகிறார்கள். திருடனைப் பிடிக்கப் போட்ட வேலியில் ஆடுகள்தான் சிக்குகின்றன; திருடனிடம் சாவி இருக்கிறது.

எனவே நாட்டு நலன் கருதி நான் ஒரு திட்டம் முன்வைக்கிறேன். கிராமத்துச் சங்கங்களுக்கு இவ்வளவு நல்லது செய்யும் இந்த விதிகளை, நல்லது செய்கிறவர்களுக்கும் கொடுத்துவிடுவோம்.

ஒன்று, எல்லா அமைச்சகங்களும் சம்பளம், கார், குளிரூட்டி, விருந்தினர் மாளிகை அனைத்தையும் சேர்த்து நிர்வாகச் செலவை 20 சதவீதத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். கோப்பு எழுதும் செலவும் அதில் அடக்கம்.

இரண்டு, மத்திய அரசின் கஜானா இனி அரூர் பக்கத்து மலையடிவாரத்தில் உள்ள ஒரே ஒரு வங்கிக் கிளையில் மட்டும் இருக்கும். சர்வர் டவுன் என்றால் நிதியமைச்சர் நாளைக்கு வரலாம். ஆதார் நகலில் கையெழுத்துப் போட மறக்க வேண்டாம்.

மூன்று, கம்பெனிகளின் சமூகப் பொறுப்புத் தலைவர்களைக் குழு ஊக்குநர்கள் மதிப்பீடு செய்வார்கள். "கிராமத்துக்கு வருவதற்கு முன்பு உங்கள் அடக்கம் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு?" மதிப்பீட்டுக் கட்டணம் 50 லட்சம் குழுவின் கணக்கில் சேரும்.

நான்கு, துறைச் செயலாளர்கள் ஒரு நிதியாண்டு மட்டும் தன்னார்வலர்களாகப் பணியாற்ற வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய், சீருடை சொந்தச் செலவில். ஐ.நா. விருதை ஊக்குநர் அக்கா நேரில் போய் வாங்கிக்கொள்வார். செயலாளர் முறத்தோடு பின்வரிசையில் நிற்கலாம்.

ஐந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபதிவு. இது மக்கள் பிரதிநிதிகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பார்கள். இருக்கிறதுதான். அதற்கும் தெருத்தெருவாகக் கோலம் போட்டு ஆள் கூட்டுவது குழுப் பெண்கள்தான்.

கேலி போதும். கேட்பது அப்படியொன்றும் பெரிதில்லை. ஒரு அறையின் வாடகை. கணக்கு எழுதும் ஒரு பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி சம்பளம். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் பஸ் காசும் அன்றைய கூலியும். எதற்கென்று கேள்வி கேட்காத சிறு தொகை ஐந்தாண்டுக்கு. எதற்குச் செலவழிப்பது என்று அந்த ஊருக்கே தெரியும். எல்லாத் துறைகளுக்கும் பொதுவாகத் தமிழில் ஒரே படிவம். அரசின் வேலையைச் செய்கிறவருக்கு அரசின் சம்பளம், விடுப்பு, வருங்கால வைப்பு நிதி. இவ்வளவுதான். இதில் எதற்கும் ஃப்ளெக்ஸ் தேவையில்லை. அதனால்தான் எதுவும் கிடைப்பதில்லை.

தர முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். அப்போது குழுப் பெண்கள் ஒரே ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொள்ளட்டும். பள்ளியில் காலையில் அடுப்பு எரியாது. சர்க்கரை மாத்திரை வாசலுக்கு வராது. கணக்கெடுப்பு அப்படியே நிற்கும். அமைச்சரின் மேடைக்கு எதிரே வாடகை நாற்காலிகள் வெயிலில் காயும். வங்கியின் தவணைப் பட்டியல் சிவப்பாகும். முப்பத்தைந்து ஆண்டாக இந்த மாநிலத்தை யார் தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அந்த முப்பது நாளில் எல்லோருக்கும் புரிந்துவிடும். அந்த மாதத்துக்கான யு.சி.யை யார் எழுதுவது என்று மட்டும் நீங்கள் இப்போதே கூட்டம் போட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.